தள்ளினால் நகராத படங்கள்

எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் சொல்லப்போகிறோம் என்று பகவதிக்கு வடசேரியில் பஸ் ஏறும்போதே பயம். எட்டாம் வகுப்போடு நின்றவள், கம்ப்யூட்டர் படித்த பெண்ணிடம் போய், “உனக்கு வேலை தெரியல, இதோட நின்னுக்கோ” என்று எந்த வாயால் சொல்வது?

ஆனால் மகளிர் குழுவின் முடிவு அது. தலைவி பகவதிதான்.

பன்னிரண்டு பெண்கள் செய்யும் ஆரி எம்பிராய்டரி பிளவுஸ்களை விற்க, ஜெனிலா ஓர் ஆப் செய்து கொடுத்திருந்தாள். அவளுக்கு அதுதான் முதல் வேலை. இரண்டு வாரமாகப் படங்களை மேலே தள்ளினால் நகரவில்லை, போனே நின்றுவிடுகிறது. ஓணத்துக்கு வரவேண்டிய ஆர்டர் வேறிடம் போயிற்று.

“எனக்க தப்புதான், சரியாக்குறேன்” என்று ஜெனிலாவே குழுவில் ஒத்துக்கொண்டாள். “இவளை மாத்துங்க” என்று குழுவில் ஒருத்தியான அஜிதா குதித்தாள். அவளைவிட உயரமாகக் குதித்தது பகவதி.

பகவதி வீட்டுக்குள் நுழைந்தபோது, ஜெனிலா கீறல் விழுந்த பழைய போன் ஒன்றில் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“நல்ல போன் வாங்கப்பிடாதா பிள்ளே?”

“இதுல ஓடிச்சின்னா எல்லாருக்க போன்லயும் ஓடும்க்கா. தள்ளிப் பாருங்க.”

தள்ளினாள். படங்கள் வழுக்கிக்கொண்டு போயின.

“இதெப்படிட்டி?”

“கடையில எல்லாச் சேலையையுமா விரிச்சுப் போடுவாவ? கேக்கிறதைத்தானே விரிப்பாவ. அதுபோல வரிசையில சின்னப் படம். தொட்டாத்தான் பெரிசு. கண்ணுக்கு முன்னால வாறது மட்டும் போனுக்குள்ள வரும்.”

என்ன மூளை இந்தப் பெண்ணுக்கு! வந்த வேலையை மறந்து பகவதி பக்கத்திலிருந்த கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தாள்.

அதில் பன்னிரண்டு பெயர்கள். பதினொன்று பச்சை, ஒன்று மட்டும் சிவப்பு.

“எனக்க பேரு ஏன் செவந்து கெடக்கு?”

“ஒண்ணுமில்லக்கா.” ஜெனிலா மூடப்போனாள்.

“சொல்லு மக்கா.”

“நீங்க கல்யாண போட்டோக்காரனை வச்சு எடுத்தியல்லா? ஒவ்வொண்ணும் சொவர்ல மாட்டுற அளவு. அந்த நாப்பது படமும்தான் ஆப்பை அடைச்சது.”

தன்னுடைய பிளவுஸ் மட்டும் பளிச்சென்று தெரியவேண்டுமென்று யாருக்கும் சொல்லாமல் எடுத்தவை அவை. பகவதி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“பின்ன ஏன் உனக்க தப்புன்னு சொன்ன?”

“எவ்வளவு பெரிய படம் வந்தாலும் ஆப் தாங்கணும், அது எனக்க வேலை. உங்க பேரைச் சொன்னா அஜிதாக்கா சும்மா விடுவாவளா? அப்புறம் நீங்க படமே போடமாட்டிய.”

வீட்டுக்குப் போய் எல்லாரிடமும் சொல்லலாம் என்றுதான் பகவதி எழுந்தாள். ஆனால் பஸ் ஏறினால் மனசு மாறிவிடும். தன்னை அவளுக்குத் தெரியும். வாசலைத் தாண்டுமுன் அஜிதாவுக்குப் போன் போட்டு, பின்வாங்க வழியில்லாமல் ஸ்பீக்கரையும் தட்டிவிட்டாள்.

“என்னக்கா, அவளை நிறுத்தியாச்சா?”

“ஆப்பை அடைச்சது எனக்க படமாக்கும் அஜிதா. இந்தப் பிள்ளை ரெண்டு வாரமா எனக்கு வரவேண்டிய ஏச்சை வாங்கிட்டிருக்கு.”