மலையின் நடுக்கம்

"தம்பி, என் கையை விட்டுடாதடா. விட்டேன்னா நான் இப்படியே ஓடிடுவேன்."

சொன்னவர் சின்னப் பிள்ளை இல்லை. பஸ் டெப்போவின் மெக்கானிக். லாரி டயரை ஒற்றை ஆளாகத் தூக்கி ஓரமாக வைப்பவர். டெப்போவில் எல்லாரும் அவரை 'மலை' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மலைதான் இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில், எச்.ஐ.வி. பரிசோதனை அறைக்கு வெளியே, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

துணைக்கு வந்த கண்டக்டர் அவர் தோளுக்குக்கூட எட்டமாட்டான். அவனுக்கு ஒரு பக்கம் சிரிப்பு, இன்னொரு பக்கம் பாவமாகவும் இருந்தது.

"அண்ணே, மானத்தை வாங்காதீங்க. நாலு பேர் பார்க்கிறாங்க. முதல்ல உட்காருங்க."

"அந்தப் பெஞ்சு வேணாம்டா, அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உட்காரு." அவனை இழுத்துச் சுவரோரப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, மலை மறுபடி நடுங்க ஆரம்பித்தார்.

நேற்று டூட்டி முடிந்து கிளம்பும்போதுதான் அவனை ஓரங்கட்டினார். "பழைய சமாச்சாரம் ஒண்ணு மனசை அரிக்குதுடா. டெஸ்ட் எடுத்துடணும். தனியாப் போகப் பயமா இருக்கு, துணைக்கு வர்றியா?" அத்தனை பேர் இருக்கத் தன்னைக் கேட்டாரே என்று கண்டக்டருக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆனால் அவனுக்கும் அதே பயம் இருந்தது, அது யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷம் முன்பு வெளியூரில் தனியாக வேலை பார்த்தபோது, கூட்டாளிகளோடு சேர்ந்து செய்த ஒரு தப்பு. அடுத்த மாதம் மாமா மகளோடு கல்யாணம். அவள் போனில் கலகலவென்று சிரிக்கும்போதெல்லாம் இவனுக்குப் பகீரென்கும்.

தனியாக வந்து டெஸ்ட் எடுத்திருக்கலாம்தான். டெப்போ ஆள் ஒருத்தன் கண்ணில் பட்டால் போதுமே, சாயங்காலத்துக்குள் எல்லா ரூட்டிலும் சேதி ஓடிவிடும்! டெப்போ போர்டில் ஒட்டியிருந்த எய்ட்ஸ் போஸ்டரைக்கூட அவன் டூட்டி லிஸ்ட் பார்ப்பதுபோலத்தான் படித்திருக்கிறான். படித்துப் படித்து மனப்பாடமே ஆகிவிட்டது.

"தம்பி, ஒண்ணு செய்யேன். நீ முதல்ல போய்க் குத்திக்கோ. நீ அழாம வெளிய வந்தா நான் போறேன்."

"நானா? எனக்கு எதுக்குண்ணே?"

"உனக்கு எதுக்குடா? எனக்குத் தைரியம் வரட்டும்னுதான்."

கண்டக்டருக்கு எழுந்து குதிக்கலாம்போல இருந்தது. முகத்தில் மட்டும் அலுப்பைக் காட்டிக்கொண்டான். "உங்களுக்காகத்தான் போறேன். வேற யாரு கேட்டாலும் போயிருக்கமாட்டேன், ஆமா!"

உள்ளே இருந்த நர்ஸ் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவளிடம் கொட்டிவிட்டான்.

"ஒருவேளை நோய் இருந்தாலும் இடிஞ்சு போயிடாதீங்க தம்பி. தினம் மாத்திரை போட்டுக்கிட்டா நல்லா வாழலாம், கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெத்துக்கலாம். தெரிஞ்சுக்காம இருக்கிறதுதான் ஆபத்து. இங்க நீங்க சொன்னது இந்தக் கதவைத் தாண்டாது."

விரல் நுனியில் ஒரு சுருக். அவ்வளவுதான்.

அடுத்து மலை போனார். உள்ளேயிருந்து "ஐயோ, அம்மா!" என்று ஒரு சத்தம் வந்தது. கண்டக்டருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

முடிவுக்குக் காத்திருந்த அந்த அரை மணி நேரம் இருக்கிறதே, அப்பப்பா! மலை அவன் கையைப் போட்டு நசுக்கினார். "ஒண்ணும் ஆகாதுண்ணே. இருந்தா மாத்திரை இருக்கு. நாங்கள்லாம் இல்லையா?" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அவருக்குச் சொன்னதில் பாதிக்கு மேல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

நர்ஸ் முதலில் அவனைத்தான் கூப்பிட்டாள். "உங்களுக்கு ஒண்ணுமில்ல தம்பி. இனிமே பார்த்து நடந்துக்குங்க."

வெளியே வந்தவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஏண்டா அழறே?"

"உங்களை நினைச்சுத்தாண்ணே!"

மலை உள்ளே போய் ஐந்தே நிமிஷத்தில் பல்லெல்லாம் தெரிய வந்தார். "எனக்கும் ஒண்ணுமில்லடா! நீ போய் பைக்கை எடு. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்."

கண்டக்டர் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். மாமா மகளுக்குப் போன் போடலாம் என்று பையைத் துழாவினால், விசிலைக் காணோம். பெஞ்சிலேயே விட்டிருப்பான். திரும்பி ஓடினான்.

விசில் பெஞ்சில்தான் கிடந்தது. எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, பாதி திறந்திருந்த கதவு வழியே மலை தெரிந்தார். கையில் டீ கிளாஸ். ஒரு சொட்டுத் தளும்பவில்லை.

"இந்த வருஷத்துல இது பதினேழாவது தடவைண்ணே. உங்க விரல்ல இனிமே குத்த இடமே இல்ல," என்றாள் நர்ஸ்.

"என்ன பண்றது சிஸ்டர்? மூணு மாசமா அந்தப் போஸ்டர் முன்னாடியே நின்னுக்கிட்டு இருந்தான். பார்க்கவே மனசு கேட்கல. இன்னைக்காவது நிம்மதியாத் தூங்கட்டும்."

"சரி, அடுத்த வாரம்?"

மலை டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொன்னார்.

"துணைக்கு வர்றது பெரிய ஆபீசர், சிஸ்டர். இன்னும் நல்லா நடுங்கணும்!"