ஒரே விரல், மூன்று கணக்கு

"மெஷினா இது? தூக்கிக் குப்பையில போடு!"

பக்கீர் முகம்மது போட்ட சத்தத்தில், நோன்புக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த ஹலீமா கரண்டியோடு ஓடிவந்தாள்.

சுகர் பார்க்கும் மெஷினில் எண் வரவில்லை. எர்ரர் என்று மின்னியது.

இருபத்தாறு நோன்பை ஒன்றுகூட விடாமல் பிடித்துவிட்டார். எழுபதுக்குக் கீழே இறங்கினால் அன்றைய நோன்பை உடனே முறித்துவிட வேண்டும் என்பது டாக்டர் போட்ட நிபந்தனை. அதற்காகத்தான் தினமும் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு இந்த விரல் குத்தல்.

"ரத்தம் சரியா படலைங்க. ஓரமா இழுவியிருக்கு."

"என் ரத்தத்துக்கு என்னடீ குறைச்சல்?"

கையைக் கழுவிவிட்டு வந்தார். புது ஸ்ட்ரிப்.

58.

பேட்டரிதான் திருட்டுப்பயல் என்று முடிவு செய்தார். மாற்றுவதற்குள் இரண்டு முறை அது கை தவறி உருண்டது. அதைச் செய்தவனின் பரம்பரையையே இழுத்தார்.

49.

"ஒரே விரல், ஒரே ரத்தம், பத்து நிமிஷத்துல மூணு கணக்கு! யாரை ஏமாத்துறானுங்க?"

ஹலீமா தன் விரலைக் குத்திப் பார்த்தாள். 96.

"உனக்கு மட்டும் ஒழுங்கா சொல்லுது பாரு!"

மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. போனை எடுத்து, பாபநாசத்தில் மெஷின் வாங்கிய மருந்துக்கடையை அழைத்தார்.

"டேய் ஜாஃபர்! பழைய சரக்கைத் தலையில கட்டிட்டியே, நீயெல்லாம் மனுஷனாடா? நோன்பு திறக்கப் பாங்கு சொல்ல இன்னும் முப்பது நிமிஷம்தான். அதுக்குள்ள என் நோன்பை முறிக்கச் சொல்லுதுடா உன் மெஷின்!"

மறுமுனையில் ஜாஃபர் அவசரமாகக் குறுக்கிட்டான்.

"பாய்... அக்காகிட்ட குடுங்க."

ஹலீமா வாங்கிக் காதில் வைத்தாள்.

"அக்கா, இப்ப பேசினது பாய்தானா? மெஷினை விடுங்க. முதல்ல அவரைப் பாருங்க."

பார்த்தாள்.

முப்பத்திரண்டு வருஷம் வாத்தியார் வேலை. கடைசி பெஞ்சுக்குக் குரல் எட்டவில்லை என்று பெற்றோர் வந்து புகார் சொன்ன மனிதர். பால் சட்டியைக் கவிழ்த்த பூனையைக்கூட 'போம்மா' என்றுதான் விரட்டுவார். கல்யாணமான நாளிலிருந்து அவளை ஒருமுறைகூட 'டீ' போட்டுக் கூப்பிட்டதில்லை.

ஹலீமா போனை அப்படியே போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். நாலு ஸ்பூன் சர்க்கரை, அரை டம்ளர் தண்ணீர்.

"நோன்புடீ! விடுடீ!"

அவள் டம்ளரை அவர் பல்லோடு சேர்த்து அழுத்தினாள். பாதி சட்டையில் வழிந்தது. மறுபடி கலக்கிக்கொண்டு வந்து மறுபடி அழுத்தினாள்.

அவர் பேச்சு பழையபடி அவளுக்கே காதில் விழாத அளவுக்குத் தணியும்வரை கையை எடுக்கவில்லை.