கூடலிங்கத்தின் ஓடு

கூடலிங்கம் என்னும் பெயர் தாங்கி, வயது இரண்டு நிரம்பிய நத்தையார் ஒருவர் கண்ணாடித் தொட்டியொன்றில் வாழ்ந்து வந்தார். அவருக்கென்று இருந்தது முதுகிலிருந்த ஓடு ஒன்றே. அதுவும் நாளுக்கு நாள் கரைந்து மெலிந்தது.

"செங்கமலம், தண்ணீர் புளிக்கிறதம்மா! ஆளைக் கண்டதும் வாயைப் பிளந்து தீனி வாங்குகிறாய், பாதியைச் சிந்துகிறாய். அதெல்லாம் மணலில் கிடந்து அழுகுகிறது" என்றார்.

"அடேயப்பா! மூலையில் பழுப்புச் சாயம் இறக்குகிற மரக்கட்டை உமது கண்ணில் படவில்லையோ?" என்று வாலைச் சிலுப்பினாள் தங்கமீன்.

தொட்டிக்காரரும் கட்டையைத்தான் எடுத்தெறிந்தார். நீர் தெளிந்தது, தீனி அழுகுவது நிற்கவில்லை, புளிப்பும் ஏறியது. கூடலிங்கத்தின் ஓட்டில் துளை விழுந்தது.

"இனியாவது அளவாகத் தின்னம்மா."

"பளிங்குத் தண்ணீரையும் குறை சொல்ல உம்மால்தான் ஆகும், ஐயா!"

அதன்பின் அவர் பேசவில்லை. ஆளற்ற ஓடு மணலில் கிடந்து கரையக் கரைய, அதன் சுண்ணாம்பு கலந்து நீரின் புளிப்புத் தணிந்தது.

"பார்த்தீரா? கட்டை போனதும் தண்ணீர் இனிக்கிறது!" என்று அந்த ஓட்டிடம் சொல்லிவிட்டு, செங்கமலம் மறுமொழிக்குக் காத்திருந்தாள்.

இவ்வாறாக அவ்வழக்குத் தீர்ந்த நாள், ஆடி மாதம் இருபத்தோராம் தேதி, வியாழக்கிழமை.