அளவுக்கு வைத்த கை

அக்டோபர் ஒன்பதாம் நாள். காலை முதல் தூறல். நண்பகலுக்குப் பின் காற்று முற்றிலும் அடங்கி, வானம் பிழியாத துணியைப் போல் தாழ்ந்து நின்றது.

மின்னணு ஆவணக் காப்பகத்தின் ஸ்கேனர் அறையில் அன்றும் விளக்கை அணைத்துவிட்டே பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஒளிக்கோடு கண்ணாடிக்கு அடியில் ஊர்ந்து செல்லச் செல்ல, திரையில் ஒரு சுவர் மேலிருந்து கீழாக மெல்ல விடிந்தது.

மலையைக் குடைந்து நீர் கொண்டுசெல்வதற்காக அமைத்த சுரங்கத்தின் சுவர் அது. அதில் தோன்றிய விரிசல்களை ஆராய்ச்சி நிலையத்தார் ஆண்டுதோறும் படம்பிடித்து வைத்திருந்தனர். அப்படங்களைக் கணினியில் ஏற்றுவது என் பணி.

ஒவ்வொரு படத்திலும் விரிசலுக்கு அருகே ஓர் இடக்கை இருந்தது.

அளவுகோலை எடுத்துச்செல்ல மறந்த ஏதோ ஒரு நாளில், விரிசல் எவ்வளவு பெரியது என்பதை உணர்த்த யாரோ தம் கையைச் சுவரில் பதித்திருக்க வேண்டும். பின்னர் அதுவே வழக்கமாயிற்று. மெலிந்த கை. நீண்ட விரல்கள். சுண்டுவிரல் மட்டும் உட்புறமாகச் சற்றே வளைந்திருந்தது.

என் சுண்டுவிரலும் பிறவியிலேயே அவ்வாறு வளைந்திருக்கும்.

என் அம்மாவும் அப்பாவும் அந்த ஆய்வில் உதவியாளர்களாக இருந்தவர்கள். நான் நடை பழகுவதற்கு முன்பே அம்மா காலமானார். வீட்டில் அவருடைய படம் ஒன்றே உண்டு; அதிலும் யாரையோ அதட்டுவதற்காக முகத்தைத் திருப்பி, உருவம் கலங்கிப் போயிருந்தார்.

ஆகவே, திரையில் அந்தக் கை தோன்றும்போதெல்லாம் என் கையை அதன்மீது வைத்துக்கொண்டேன். கண்ணாடி குளிர்ந்திருக்கும். அதைச் சுரங்கத்தின் ஈரமென்று எண்ணிக்கொள்வேன். அறையில் வேறு யாரும் இல்லாத வேளைகளில், சாப்பிட்டாயா என்று கேட்டதும் உண்டு.

அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. அது அம்மாவின் கை இல்லையென்று அவர் ஒரு சொல் கூறிவிட்டால் அம்மா மறுபடியும் போய்விடுவார்.

எங்கள் பொறுப்பாளருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் கத்தரி. எதைக் கொடுத்தாலும் ஓரத்தை வெட்டாமல் விடமாட்டார். இம்முறை அவர் சினத்தில் நியாயமும் இருந்தது. விரிசல்களை எண்ணும் மென்பொருள், விரல் இடுக்குகளையும் விரிசல்கள் என்றே எண்ணிவிட்டது. போதாக்குறைக்கு, ஆண்டுகள் செல்லச் செல்லப் படங்களில் விரிசல் மங்கலாகவும் கை தெளிவாகவும் விழுந்திருந்தன.

"எடுத்த ஆளுக்குக் கண்ணு எங்கதான் இருந்துச்சோ!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கையின் உண்மையான அளவு தெரிந்தால், அதுவே விரிசலுக்கு அளவுகோலாகும். படங்கள் முழுமையாகக் காக்கப்படும். தெரியாவிட்டால் எல்லாக் கைகளும் அன்றே வெட்டப்படும். மூலப் படச்சுருள்களோ புளித்த வாடை வீசி, ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்தன. இன்னொரு முறை அவற்றை ஸ்கேன் செய்ய இயலாது.

அதன் பொருட்டே கத்தரி என் அப்பாவை வரவழைத்திருந்தார். அம்மாவின் பழைய கையுறை ஒன்றை நான் கைப்பையில் ஆயத்தமாக வைத்திருந்தேன். அளவெடுக்க அது போதும்.

அப்பா குடையை வாசலில் சாய்த்துவிட்டு வந்து திரையின் முன் அமர்ந்தார்.

"ஐயா, இது யாரு கைன்னு மட்டும் சொல்லிடுங்க. இல்லேன்னா வெட்டித் தள்ளிட்டு வீட்டுக்குப் போயிட்டே இருப்பேன்" என்றார் கத்தரி.

ஸ்கேனரின் மூடியைப் பற்றிக்கொண்டு நின்றேன். அம்மாவுடையது என்று சொல்லுங்கள். பொய்யாக இருந்தாலும் சொல்லுங்கள்.

மூட்டுவாதம் முறுக்கிய விரல்களால் அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு வெட்கப்படுபவரைப் போலச் சிரித்தார்.

"என் கைதான் சார். அப்பல்லாம் ஈர்க்குச்சி மாதிரி இருப்பேன்." என் பக்கம் திரும்பினார். "படம் எடுத்தது பூரா உங்கம்மா. கேமராவை யாருக்கும் குடுக்க மாட்டா. ஆட்டாதீங்க, ஆட்டாதீங்கன்னு என்னைத் திட்டிக்கிட்டே எடுப்பா."

அவருடைய எல்லா விரல்களும் வளைந்துவிட்டிருந்தன. அவற்றுள் எது பிறவியிலேயே வளைந்தது என்று நான் அறிந்திருக்கவில்லை.

திரையிலிருந்த கை அம்மாவிடமிருந்து பிரிந்து, நீரில் நகரும் இலையைப் போல மெல்ல அப்பாவிடம் சென்று சேர்ந்தது. கையுறையை நான் வெளியே எடுக்கவில்லை.

கத்தரிக்கு அளவு கிடைத்த மகிழ்ச்சி. விளக்கைப் போட்டு, மேசை இழுப்பறைகளைக் குடைந்து ஓர் அளவுகோலையும் காப்பகத்தின் கேமராவையும் எடுத்து வந்தார். அப்பா, யாரும் சொல்லாமலே எழுந்து சென்று அறைச் சுவரில் இடக்கையைப் பதித்தார். விரல்கள் முழுதும் நிமிரவில்லை. உள்ளங்கையின் அகலமே போதும் என்று கூறிய கத்தரி, அளவுகோலைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

"நீயே எடும்மா" என்றார் அப்பா.

கேமராவைக் கண்ணருகே கொண்டுசென்றேன். சுவர் கலங்கி, அளவுகோல் கலங்கி, அந்தக் கை மட்டும் துலங்கிற்று. அம்மா நின்ற தொலைவில் நின்று, அதைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன்.

படம் பதிவான நேரம்: பிற்பகல் மூன்று மணி நாற்பத்தொரு நிமிடம்.