பாதி விலை வீடு

"ஆள் தனியாச் செத்து, நாள்கணக்கா கிடந்த வீட்டை எவனும் வாங்க மாட்டான் சார். டோக்கியோ நடுவுலயே பாதி விலைக்குக் கிடைக்கும்" என்றார் தரகர்.

அதைக் கேட்ட பிறகுதான் ஷிகேருவுக்கு, யானகா சந்தில் பழைய மரவீட்டில் தனியாக இருந்த சுகாவரா கிழவர்மேல் திடீர்ப் பாசம் பொங்கியது. ஞாயிறுதோறும் பலகாரத்தோடு போய் நின்றான். பிள்ளைகுட்டி இல்லாத கிழவர் உருகிப்போனார்.

ஒரு ஞாயிறு, போன வேகத்தில் பொட்டலத்தோடு திரும்பிவிட்டான்.

"என்னங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றாள் மனைவி மாயுமி.

"பெரியவர் வீட்ல இல்ல. வா, நாமளே தின்னுடலாம்."

பன்னிரண்டாம் நாள் தரகர் போன் செய்தார். "சுகாவரா போய்ச் சேர்ந்துட்டார் சார். நாத்தம் வந்துதான் பக்கத்து வீட்ல போலீசைக் கூப்பிட்டிருக்காங்க."

"அடப் பாவமே! அப்ப விலை பாதிதானே?"

"என்ன விலை சார்? வீட்டை உங்களுக்குச் சும்மாவே எழுதி, தன் கையெழுத்து முத்திரையையும் குத்திட்டார். உங்க முத்திரையும் விழுந்தாத்தான் செல்லும். ஞாயித்துக்கிழமை நீங்க வந்ததும் நீட்டி அசத்தப்போறேன்னு என்கிட்ட சொல்லிச் சிரிச்சார். இனி வீடு சர்க்காருக்குத்தான். அன்னிக்கு நீங்க போகவே இல்லையா?"

ஷிகேரு போனை வைத்துவிட்டான்.

அந்த ஞாயிறு, சன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், விழுந்து கிடந்த கிழவர் அவனைப் பார்த்துக் கை நீட்டினாரே, அந்தக் கையில் ஒரு தாள் இருந்தது.