தமிழர் இல்லாத ஹோட்டல்

கசினோவுக்குள் எமிலியானுஸைக் கண்டதும் அம்புறோஸுக்கு முதலில் வந்தது பயம்தான். கோபம் பிறகுதான் வந்தது.

எமிலியானுஸ் அவருடைய வருங்காலச் சம்பந்தி. அம்புறோஸின் மகள் ஷெரோனுக்கும் எமிலியானுஸின் மகன் நிஷானுக்கும் கலியாணப் பேச்சு. நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை, எமிலியானுஸின் மொன்றியல் பியர்பொன்ட்ஸ் வீட்டில் வைத்து முற்றாக்குவதாக ஏற்பாடு. மனைவியும் மகளும் காலையில் ரொறன்ரோவிலிருந்து ரயிலில் வருகிறார்கள். அம்புறோஸ் வேலை விஷயம் என்று சொல்லி ஒரு நாள் முந்தியே காரில் வந்துவிட்டார்.

வேலையாவது மண்ணாவது! அந்த ஒரு நாளில் அவர் சாறி உடுத்து வெளியே போகப் போகிறார்.

ஐம்பது வயது வரைக்கும் கதவைப் பூட்டிவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் மட்டும் உடுத்த சாறி. அதோடு நாலு பேருக்கு நடுவில் ஒருமுறையாவது நடந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. மனைவிக்குக்கூடத் தெரியாது.

ஹோட்டல் தேடவே இரண்டு மாதம் பிடித்தது. கார் விடுகிற இடத்திலிருந்து லிஃப்ற் நேரே அறைக்குப் போகவேண்டும். கசினோ பஸ் வாசலுக்கு வரவேண்டும். கசினோவில் எல்லோரும் சூதாட்ட மெசினைத்தான் பார்ப்பார்கள், பக்கத்து ஆளைப் பார்க்கமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த ஹோட்டலில் தமிழர் இருக்கக்கூடாது.

2005இல் மொன்றியலில் நம்மவர் கோப்பை கழுவாத ஹோட்டல் லேசில் அகப்படுமா? அம்புறோஸ் ஒவ்வொன்றாகப் போன் எடுத்தார். “உங்கள் குசினியில் இலங்கைக் கறி வைக்கத் தெரிந்தவர் யாரும் உண்டா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். உண்டு என்று சந்தோஷமாகச் சொன்ன ஆறு ஹோட்டல்களையும் வெட்டினார். ஏழாவது இடத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். உடனே அறையைப் பதிவு செய்தார்.

இவ்வளவு பார்த்தும் என்ன? நீலச் சாறியும் பொய்முடியுமாக மெசினுக்கு முன்னால் இருந்து பத்து நிமிடம் ஆகவில்லை. இரண்டு மெசின் தள்ளி எமிலியானுஸ் நிற்கிறார்!

கசினோ குடும்பத்தைக் கெடுக்கும் என்று போனில் ஒரு மணித்தியாலம் பிரசங்கம் வைத்த மனிதர். கோயில் பங்குச் சபைத் தலைவர் வேறு.

அம்புறோஸ் கைப்பையை அள்ளிக்கொண்டு எழும்பினார். வாசலில் கொடுத்து வைத்த குளிர்க்கோட்டைத் திருப்பி வாங்கி மாட்டி, ஓடாத குறையாக வந்து பஸ்ஸில் ஏறினார். இருந்த கையோடு பையைத் திறந்து பார்த்தார். அறைத் திறப்பு இருந்தது. கார் லைசென்ஸைக் காணவில்லை.

பெயரும் படமும் போட்ட லைசென்ஸ்! திரும்பிப் போய்த் தேடலாம் என்று எழும்பும்போது எமிலியானுஸ் ஏறினார். நேரே வந்து பக்கத்தில் இருந்தார்.

“தங்கச்சி தமிழோ?”

அம்புறோஸ் தலையை மட்டும் ஆட்டினார். மூன்று மாதமாகக் கிழமை தவறாமல் எமிலியானுஸ் போனில் கேட்ட குரல் அவருடையது. வாயைத் திறந்தால் மகளின் கலியாணம் அதோடு சரி.

“குறை நினையாதேங்கோ. என்னை உள்ளுக்கை கண்டனீங்கள்தானே?”

மறுபடியும் தலையாட்டினார்.

“ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. நாளைக்கு மகனுக்குக் கலியாணம் முற்றாக்கிறம். பொம்பிளையின்ர தகப்பன் அருமையான மனிசன். சம்பந்தி மெசின் அடிக்கிற ஆளெண்டு அவர் கேள்விப்பட்டால் எல்லாம் குழம்பிப்போம். என்ர மானம் உங்கட கையில, தங்கச்சி.”

அம்புறோஸ் நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டினார்.

மெற்றோவடியில் எமிலியானுஸ் இறங்கிப் போனார். அம்புறோஸுக்கு மூச்சு வந்தது. கூடவே இளக்காரமும் வந்தது. பெரிய கோயில் மனிசர்! நாளைக்கு ஏதும் வாய் காட்டட்டும், அடக்க இந்த ஒரு கதை போதும். வாழ்க்கையில் முதல் தரம் ஒருவர் தன்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டிருக்கிறார், அது போயும் போயும் இந்த ஆளா என்றுதான் கவலையாக இருந்தது.

கசினோவுக்கு இரண்டு தரம் போன் எடுத்தார். லைசென்ஸ் ஒன்றும் கிடைக்கவில்லை என்றார்கள்.

மறுநாள் கோட்டும் ரையுமாக ஸ்ரேசனுக்குப் போய் இருவரையும் ஏற்றிக்கொண்டார்.

“ஏனப்பா பொக்கற்றைத் தடவிக்கொண்டிருக்கிறீங்கள்?” என்றாள் ஷெரோன்.

“குளிர், பிள்ளை.”

பியர்பொன்ட்ஸில் எல்லாம் நல்லபடியாக முற்றாகியது. எமிலியானுஸின் மனைவி மனோகரி தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே குறைப்பட்டார்.

“நேற்று வீட்டில நிண்டு ஒரு உதவி செய்யுங்கோ எண்டன். கேட்டால்தானே! என்ர தம்பி பேனாட்டைத் தேடிக் கசினோவுக்குப் போட்டார். சனிக்கிழமையெண்டால் அவனை இழுத்துக்கொண்டு வாறதுதான் இவருக்கு வேலை. நேற்று அவனும் அகப்படேல்லை.”

அம்புறோஸ் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அப்ப அண்ணை... விளையாடுறதில்லையோ?”

“இவரோ? மெசினைத் தொட்டும் பாராத மனிசன்!”

எமிலியானுஸ் யன்னலால் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஏன் அப்படி ஒரு பொய் சொன்னார்?

வெளிக்கிடும்போது எமிலியானுஸ் தானே அம்புறோஸின் குளிர்க்கோட்டை எடுத்துவந்து பிடித்தார்.

“வெளியில சரியான குளிர், சம்பந்தி. கையைப் பொக்கற்றுக்க வையுங்கோ.”

வாசல் தாண்டியதும் அம்புறோஸ் கையை விட்டுப் பார்த்தார். லைசென்ஸ்.

பஸ்ஸில் ஏறி வந்து பக்கத்தில் இருந்து, ‘தங்கச்சி’ என்று கூப்பிட்டபோதே, அந்தப் பெயரும் படமும் எமிலியானுஸிடம்தான் இருந்திருக்கின்றன.