தப்பான பெட்டி

கிட்ட வந்து உட்காருங்க. உரக்கச் சொன்னாத் தெருவுக்கே கேட்டுடும்.

போன பஸ்கா பண்டிகைக்கு முந்தின நாள். புவனோஸ் அயர்ஸ்ல எங்க யூத உதவி இல்லத்துல பண்டிகைப் பெட்டி கட்டுற வேலை. ஒருத்தர் கோழி கொண்டாந்தார், இன்னொருத்தர் கம்பளிக் கோட்டு. இல்லத்தை நடத்துற பெர்த்தா வாசல்ல நின்னு கூவிக்கிட்டிருந்தா.

"பணமாத் தாங்க, பண்டமாத் தாங்க! ஒண்ணும் இல்லையா, உள்ள வந்து பெட்டி தூக்குங்க!"

அவளுக்கு ஒரே கவலை, எங்க போலந்துக்காரர் இசிதோரோ. தோல்பைக் கடையை மூடினதிலேர்ந்து அவர் வீட்டுல அடுப்பு சரியா எரியல. பெட்டி கொண்டு போனா, "நான் குடுத்துப் பழகினவன்மா"ன்னு கதவைச் சாத்திடுவார். விடிஞ்சாப் பண்டிகை. மனுஷன் என்னத்தைத் தின்பார்?

அந்த நேரம் பார்த்து நசீரா வந்தா. இசிதோரோவுக்கு எதிர்வீட்டுக்காரி, சிரியாவுல அலெப்போவிலேர்ந்து வந்த யூதக் குடும்பம். தன் பெட்டியைத் திறந்தவ முகத்தைச் சுளிச்சா.

"அரிசியும் பேரீச்சம்பழமுமா? எடுத்துக்கோ. எனக்கு அந்த மீன் உருண்டைப் பெட்டியக் குடு."

"நசீரா அக்கா, அது எங்க போலந்துக்காரங்க பெட்டி. பஸ்காவுல அரிசியத் தொடாதவங்க நாங்க. உங்களுக்கு அரிசி இல்லாமப் பண்டிகையே கிடையாதே! இந்த இனிப்பு மீனைத் துப்பணும்போல இருக்குன்னு போன வருஷம் சொன்னது யாரு?"

"இந்த வருஷம் துப்பாம முழுங்குறேன். கோழி ஒண்ணு போடு. அது இல்லடி, பெருசு!"

தூக்கிக்கிட்டுப் போயிட்டா.

"ஆசையப் பாரு, ஆசைய! இருக்கிறதுலயே பெரிய கோழி இவளுக்குத்தான் வேணுமாம்!" பெர்த்தாவுக்கு ஆறவே இல்ல.

சாயங்காலம் இசிதோரோவே வந்து நின்னார், கையில ஒரு துணிப்பை. முகத்துல கோபம்.

"என்னம்மா இல்லம் நடத்துறீங்க? எதிர்வீட்டு அலெப்போக்காரிக்குப் போய் மீன் உருண்டையக் குடுப்பாங்களா?"

"ஐயா, அது..."

"பேசாதே! என் வாசல்ல வந்து ஒரே புலம்பல். 'இந்தப் போலந்துக்காரங்களுக்கு எங்க பழக்கமே தெரியல. கொட்டினாப் பாவம். உங்க ஊர்ச் சாப்பாட்டை நீங்களே தின்னு தொலைங்க'ன்னா. போனாப் போவுது, அவளுக்காக வாங்கி வெச்சேன்."

பெர்த்தா திரும்பி என்னைப் பார்த்தா.

அவர் பையை நீட்டினார். "இந்தா, என்கிட்ட இருந்த அரிசி. பண்டிகையில எனக்கு ஆகாது, அவளுக்கு ஆகும். நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதே. பாவம், கூச்சப்படுவா."

அவர் தெருத் திரும்பினதுதான் தாமதம், நாங்க ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

ராத்திரிக்குள்ள அரிசிய எடுத்துக்கிட்டு நசீரா வீட்டுக்குப் போனோம். அவ தன் பட்டுப் பாவாடைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தா.

"நாளைக்கு எனக்கு மக வீட்டுல விருந்து. அண்டா நிறைய அரிசிச் சோறு"ன்னு சொன்னவ, பையைப் பார்த்தா. யார் குடுத்ததுன்னு நாங்க சொல்லல. அவளும் கேக்கல.

கதவை விரியத் திறந்தா. எதிர்க் கதவைப் பார்த்துக் கத்தினா.

"அடேயப்பா, அரிசி! ஒரு அலெப்போக்காரிக்கு என்ன வேணும்னு தெரிஞ்ச மகராசனும் இந்த ஊர்ல இருக்கானே! இனிமே எனக்குப் பண்டிகைதான்!"

எதிர்வீட்டுக்குள்ளேர்ந்து திருப்தியா ஒரு கனைப்பு.

நசீரா கதவைச் சாத்திட்டு, பெர்த்தா காதுல குனிஞ்சா.

"அடுத்த வருஷமும் மறக்காம எனக்குத் தப்பான பெட்டியே குடுடி!"